டவுன்டவுன்: நடுநகரும் அதன் துளிர்ப்பும்

அமெரிக்க நகரச் செய்திகளைத் தமிழாக்குபவர்கள் 'டவுன்டவுன்' (downtown) என்ற சொல்லில் தடுக்கி விழுகிறார்கள். கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த நகர மையத்தைக் குறிக்கும் சொல் அது. 'கீழ்நகர்' என்றுகூட எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

அந்தச் சொல்லில் 'down', 'town' என்று இரண்டு பகுதிகள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'டவுன்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேர் வேறு. முதலாவது, குன்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 'குன்றிலிருந்து இறங்கி' என்ற தொடர் தேய்ந்து 'கீழே' என்று ஆயிற்று. இரண்டாவது, வேலியடைத்த இடம். நம் 'பட்டி'யும் அப்படித்தானே? ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டி, ஊரும் பட்டி.

இரண்டும் சேர்ந்தது நியூயார்க்கில். மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில் தோன்றிய ஊர் வடக்கே வளர்ந்தது. வடக்கே குடியேறியவர்கள் கடைகண்ணிக்கும் வேலைக்கும் தெற்கே 'இறங்கி' வந்தார்கள். பிற நகரங்கள் சொல்லை எடுத்துக்கொண்டபோது திசை உதிர்ந்துவிட்டது. கிளீவ்லாந்தின் டவுன்டவுன் நகரின் வடக்கு ஓரத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது.

ஓரத்தில் இருப்பதை 'நடுநகர்' எனலாமா? தாராளமாக. 'நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்கிறது குறள் (1008). அந்த நடு, கயிறு பிடித்து அளந்த நடு அல்ல. எல்லோரும் வந்துபோகும், எல்லோர் கண்ணிலும் படும் இடம். டவுன்டவுனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை.

அடுத்தது 'ரீவைட்டலைசேஷன்' (revitalization), நலிந்துபோன நகர்ப்பகுதி மீண்டும் உயிர்பெறுவது. 'வீட்டா' என்றால் லத்தீனில் உயிர். இதழ்கள் 'புத்துயிரூட்டல்' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் ஒரு குறை: யாரோ வெளியிலிருந்து வந்து ஒரே மூச்சில் உயிர் கொடுத்ததுபோல் அது ஒலிக்கிறது. நடப்பது அப்படியல்ல. டெட்ராய்ட்டைப் பாருங்கள். 1950-இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 6.4 லட்சத்துக்கும் கீழே போனது. நடுநகரின் பெருமையாக இருந்த ஹட்சன்ஸ் பேரங்காடி 1983-இல் மூடப்பட்டு, 1998-இல் தகர்க்கப்பட்டது. 2004-இல் கார்கள் நெரிந்த ஒரு நாற்சந்தி, கேம்பஸ் மார்ஷியஸ் பூங்காவாயிற்று. கோடையில் மணல் பரப்பு, குளிரில் பனிச்சறுக்குத் தளம். 2010-இல் ஒரு பெரிய கடன் நிறுவனம் தன் ஊழியர்களோடு நடுநகருக்குக் குடிவந்தது. 2013-இல் மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. ஆனாலும் துளிர் கருகவில்லை. 2017-இல் தெருவில் டிராம் ஓடியது.

நடுநகரை ஒட்டிய கார்க்டவுனில், 1988 முதல் பாழடைந்து கிடந்த ரயில் நிலையத்தை 2018-இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கியது. செய்தி பரவியதும், பல ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து பெயர்த்துச் செல்லப்பட்ட பெரிய கடிகாரம் திரும்பி வந்தது. வைத்திருந்தவர் பெயர் சொல்லாமல் தகவல் கொடுத்துவிட்டு, எரிந்துபோன ஒரு கட்டடத்தின்மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நிலையம் 2024-இல் திறந்தது.

வெட்டிய வேம்பின் அடிமரத்தில் ஒரு பக்கம் துளிர்விட்டு, மறுபக்கம் பட்டே கிடக்கும். அதனால் 'நடுநகர்த் துளிர்ப்பு' என்று எழுதுகிறேன். வாடகை ஏறிப் பழைய குடிகள் வெளியேற நேர்ந்தால் அதற்கு இந்தச் சொல்லைத் தரக் கூடாது. அதற்கு 1964-இல் லண்டனைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் ரூத் கிளாஸ் தந்த 'ஜென்ட்ரிஃபிகேஷன்' இருக்கிறது, தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்'.