‘இணையற்ற பதிவு’ என்றால் ஒப்பற்ற பதிவா?

தரவுத்தளத்தில், தான் சார்ந்திருக்கும் பதிவு இல்லாமல் தனியே கிடக்கும் பதிவுக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ஃபன் ரெக்கார்ட்’ என்று பெயர். அதை ‘இணையற்ற பதிவு’ என்று இன்னொருவரும் எழுதிவிட்டார். இணையற்ற வீரன், இணையற்ற அழகு என்று கேட்டுப் பழகிய காதில் இது ஈடு இணை இல்லாத பதிவு என்றுதான் விழும். பாராட்டுப் பத்திரம் வாங்குகிற பதிவா இது? பக்கத்தைத் திறந்தால் ‘நோ மெத்தட் எரர்’ என்ற நிரல் பிழையை வரவழைக்கிற பதிவு!

ஆர்ஃபன் கிரேக்க வழிச் சொல், பெற்றோரை இழந்த பிள்ளை. கட்டுரையை அழித்துவிட்டு அதன் கருத்துரைகளை விட்டுவைத்தால் அவை ஆர்ஃபன். அவ்வளவுதான்.

‘அனாதைப் பதிவு’ என்பாரும் உண்டு. வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் தள்ளுவார்கள். எனக்கு அதில் சண்டை இல்லை, புரியவாவது செய்கிறது. ‘இணை’யில் அதுவும் கிடையாது. இணை என்றால் சோடி, சரிசமம். இங்கே உறவு சமமா என்ன? கருத்துரை ஒன்றுகூட இல்லாமல் கட்டுரை நிற்கும். கட்டுரை போனால் கருத்துரைக்கு நிற்க இடமில்லை. இதைக்கூட யோசிக்காமல் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறார்கள்.

தாய் நிறுவனம், தாய்ச்சங்கம் என்று வழக்கில் இருக்கிறதே, ‘தாயில்லாப் பதிவு’ என்றால் என்ன குறைந்துவிடும்? வகை பிரிக்கவும் வசதி. கருத்துரை எந்தக் கட்டுரைக்கு உரியது என்று காட்டும் கட்டுரை எண்ணே நிரப்பாமல் கிடந்தால் ‘தாய் குறிக்காத பதிவு’. எண் இருந்து, அந்த எண்ணில் கட்டுரை இல்லையென்றால் ‘தாய் அழிந்த பதிவு’. இது வெறும் சொல் விளையாட்டில்லை. எண் காலியாக உள்ளவற்றைத் தேடினால் முதல் வகை மட்டும் சிக்கும், இரண்டாவது நழுவிவிடும். வலைச்செயலிகள் எழுத உதவும் ரெயில்ஸ் கட்டமைப்பின் 6.1 பதிப்பில் வந்த ‘வேர்.மிஸ்ஸிங்’ என்ற தேடல் கட்டளை, லெஃப்ட் ஜாயின் போட்டு, அதாவது எல்லாக் கருத்துரைகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கட்டுரை உண்டா என்று பார்ப்பதால் இரண்டையும் பிடிக்கும். மருந்தும் வேறு வேறு. ரெயில்ஸ் 5 முதல் புதுச் செயலிகளில் ‘பிலாங்ஸ் டூ’ என்ற, இது இன்னதற்கு உரியது என்று சொல்லும் அறிவிப்பு, சேமிக்கும்போதே தாயைக் கேட்கிறது. முதல் வகைக்கு அது போதும். பிறகு யாராவது தரவுத்தளத்தில் நேரே கைவைத்துக் கட்டுரையை அழித்தால் அது என்ன செய்யும்? அதற்கு, கருத்துரை சுட்டும் கட்டுரை இருந்தே ஆகவேண்டும் என்று தரவுத்தளமே காவல் காக்கும் ஃபாரின் கீ கட்டுப்பாடுதான் வேண்டும்.

‘மிஸ்ஸிங்’கைக் கண்ட இடமெல்லாம் ‘காணாமல் போன’ என்று எழுதுவோர் தனிக்கூட்டம். தாயே குறிக்காத பதிவில் காணாமல் போக என்ன இருந்தது? ‘இல்லாத’ என்ற எளிய சொல் அவர்களுக்கு ஏனோ ஆவதில்லை.