மேட்ச்சில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இந்த மார்ச்சிலும் ஓர் அப்பா போன் செய்தார். மகள் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அமெரிக்காவில் டாக்டராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுக்கான கோச்சிங்கிலிருந்து, அங்கே ரெசிடென்சி (மருத்துவ மேற்பயிற்சி) சீட் வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன கன்சல்டன்சிக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்டியிருக்கிறார். யாருக்கு எந்த ரெசிடென்சி இடம் என்று பொருத்தும் 'மேட்ச்' வாரத் திங்கட்கிழமை மெயில் வந்தது, இடம் இல்லை. இப்போது கன்சல்டன்சிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. "மேடம், உங்க ஆஸ்பத்திரியிலயே சொல்லி ஒரு சீட் வாங்கித் தர முடியுமா? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்றார்.

இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது. அதனால் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க ரெசிடென்சியில் மேனேஜ்மென்ட் கோட்டா இல்லை. என்.ஆர்.ஐ. கோட்டா இல்லை. கேப்பிடேஷன் இல்லை. ரெசிடென்ட் காசு கட்டிச் சேர்வதே இல்லை, மருத்துவமனைதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. தனக்குப் பிடித்த இடங்களை விண்ணப்பதாரர் வரிசைப்படுத்துகிறார், தான் பேட்டி எடுத்தவர்களை மருத்துவமனை வரிசைப்படுத்துகிறது, மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் கணினி இரண்டையும் பொருத்துகிறது. மேட்ச்சில் சேரும் ப்ரோக்ராம் (மருத்துவமனையின் பயிற்சித் திட்டம்) தன் இடங்கள் அனைத்தையும் அதன் வழியாகவே நிரப்ப வேண்டும் என்பது 2013லிருந்து விதி. ப்ரோக்ராம் டைரக்டரே நினைத்தாலும் ஒரு சீட்டைத் தனியாக எடுத்து வைத்து உங்கள் மகளுக்குக் கொடுக்க முடியாது. தேர்வுக் குழுவில் எனக்கு இருப்பது ஒரு ஓட்டு. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்றால் அந்த ஓட்டையும் போடாமல் ஒதுங்கிக்கொள்வேன்.

மிச்ச இடங்களுக்கு 'சோப்' என்று ஒரு சுற்று உண்டே, அதில் பார்க்கலாமே என்பார்கள். அந்த வாரத்தில் மருத்துவமனை தானாக அழைக்கும் முன் விண்ணப்பதாரரோ, அவர் சார்பில் வேறு யாருமோ தொடர்புகொண்டாலே விதிமீறல். உங்களுக்காகப் போன் போட்டுப் பேசுகிறேன் என்று காசு வாங்குகிறவர், உங்கள் காசிலேயே உங்கள் பிள்ளைக்குக் குழி வெட்டுகிறார்.

மார்க் விஷயத்திலும் இதே கதைதான். நீட் பி.ஜி. பழக்கத்தில் ரேங்க் வந்தால் சீட் வந்துவிடும் என்று நினைக்கிறோம். யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து மார்க்கே கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகேயில் நல்ல மார்க் எடுத்தால் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் நூற்றுக்கு 58, 59 பேருக்கு இடம் கிடைத்தது என்பது 2023 முதல் 2025 வரையிலான கணக்கு. விளம்பரங்களும் இதைப் போடுகின்றன. ஆனால் இது ரேங்க் லிஸ்ட் (மேட்ச்சுக்குத் தரும் விருப்ப வரிசை) சமர்ப்பித்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஒரு இன்டர்வியூகூட வராதவர் ரேங்க் லிஸ்ட் போடுவதில்லை, அதனால் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

காசு கொடுத்து வாங்கியவை எப்படி மாட்டும் என்று பலருக்குப் புரிவதில்லை. எங்கள் குழுவுக்கு வந்த ஒரு விண்ணப்பத்தில், பெண் டாக்டருக்கான பரிந்துரைக் கடிதம், மூன்றாவது பத்தியிலிருந்து 'அவன்' என்று பேச ஆரம்பித்துவிட்டது. அதே வாக்கியங்கள் வேறொரு பையனின் கடிதத்திலும் இருந்தன. இரண்டு பேரும் ஒரே கிளினிக்கில் அப்சர்வர்ஷிப்புக்குப் பணம் கட்டியவர்கள். இரண்டு விண்ணப்பங்களையும் ஓரமாக வைத்துவிட்டோம். இன்னொருவர் பெயரில் ஏழெட்டுக் கட்டுரைகள். அவருடைய கேஸ் ரிப்போர்ட்டையே எடுத்து, நோயாளிக்குக் கிரியாட்டினின் ஏன் ஏறியது என்று கேட்டேன். நோயாளி ஆணா பெண்ணா என்பதே அவருக்குத் தெரியவில்லை. கட்டுரையே இல்லாமல் வந்திருந்தால் அவரை நல்ல இடத்தில் வரிசைப்படுத்தியிருப்போம். பேச்சும் பண்பும் அவ்வளவு நன்றாக இருந்தது.

(அப்சர்வர்ஷிப் என்றால் பார்ப்பது மட்டும். விசிட்டர் விசாவில் வந்தவரை நோயாளி மேல் கை வைக்க விடுவேன் என்று ஒரு கிளினிக் சொன்னால், அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.)

'ரீகால்' என்று, தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துச் சொன்ன கேள்விகளை விற்கிறார்களே, அதை வாங்குவது இன்னும் மோசம். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கானவர்களின் யு.எஸ்.எம்.எல்.இ. மதிப்பெண்களை ஒரே அடியாகச் செல்லாது என்று அறிவித்தார்கள். முறைகேடு என்று, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்று தரும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. முடிவெடுத்தால் அந்தக் குறிப்பு உங்கள் பதிவேட்டில் ஏறிவிடும், எல்லா ப்ரோக்ராமும் பார்க்கும். கேள்வியை விற்றவனுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

ஈ.சி.எஃப்.எம்.ஜி., இராஸ் (ரெசிடென்சி விண்ணப்பத் தளம்) கணக்குகளின் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். உங்கள் பெயரில் ஏஜென்ட் எழுதிய பொய்க்கும் கையெழுத்து உங்களுடையது. கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள்.

படித்து முடிக்காமல் ஸ்டெப் 1 எழுத உட்காராதீர்கள். ஃபெயில் ஒருநாளும் அழியாது. ஒரு ஸ்டெப்புக்கு நான்கு முறைதான் அனுமதி. பாஸான தேர்வை மார்க்குக்காகத் திரும்ப எழுதவும் முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு 200 இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அதில் பல விசாவே கொடுக்காத இடங்களாக இருக்கும். அவரவர் இணையதளத்தில் விசா, பட்டம் பெற்று எத்தனை வருடம் வரை ஏற்பார்கள் என்ற இரண்டு வரியைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். உங்கள் இடத்தில் எனக்குத் தனி ஆர்வம் என்று ஒரு ப்ரோக்ராமுக்குத் தெரிவிக்கும் 'சிக்னல்'கள் உண்டு. பொது மருத்துவத்துக்கு 2026 மேட்ச்சில் 15 தந்தார்கள். அவற்றை உங்களை எடுக்க வாய்ப்புள்ள இடங்களுக்கு அனுப்புங்கள், பெரிய பெயர்களுக்கு அல்ல.

விசாவைப் பற்றி முதல் நாளே வீட்டில் பேசுங்கள். ஜே-1 (பயிற்சிக்கான விசா) என்றால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க ஒத்துக்கொண்டு விலக்கு வாங்க வேண்டும். இந்த விலக்கைத் தரும் கான்ராட் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 விலக்குகள்தான். எச்-1பி (வேலை விசா) வேண்டும் என்றால் கடைசிக் கட்டத் தேர்வான ஸ்டெப் 3-ம் முடித்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் புது எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க மருத்துவமனைகள் யோசிப்பதற்கு அதுவே போதும்.

முதல் வருடம் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். ஊரில் ஏதாவது ஒரு வார்டில் வேலை பாருங்கள். நோயாளியைப் பார்க்காமல் போன வருடங்களைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.

அப்புறம், உங்கள் கல்லூரி சீனியர்களில் யாராவது இங்கே இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஆனால் பிப்ரவரியில் கேட்காதீர்கள். ரேங்க் லிஸ்ட் வேலையில் மூழ்கிக் கிடப்போம், பதில் வராது. ஏப்ரலில் கேளுங்கள்.