டீமன் டாட்டூ: எந்த முகத்துக்கு எந்தச் சொல்?

கொம்பு, கோரைப்பல், உருட்டிய விழி. இந்த மூன்றும் இருந்தால் போதும், டாட்டூ ஆல்பத்தில் அதற்குப் பெயர் டீமன். அதை அப்படியே ‘பேய்’ என்று தமிழாக்குவதில்தான் சிக்கல்.

டீமனின் மூலம் கிரேக்க ‘டைமோன்’. நல்லது கெட்டது என்ற பிரிவில்லாத தெய்வ ஆற்றலை அது குறித்தது. தன்னைத் தடுத்து எச்சரித்த உட்குரலை சாக்ரடீஸ் சொன்னதும் இந்த வேர்ச்சொல்லால்தான். கிரேக்க பைபிள் தீய ஆவிகளுக்கு இதைப் பயன்படுத்தியது, சொல் தாழ்ந்தது. நம் பக்கத்தில் அசுரனுக்கும் இதே கதிதான்: ரிக் வேதத்தில் வருணனுக்கும் அடைமொழியாக வந்த சொல், பின்னால் தேவர்களின் பகைவனுக்குப் பெயரானது.

பேய் வேறு. ‘பே’ என்றால் அச்சம் என்கிறது தொல்காப்பிய உரியியல். உருவத்துக்குக் காரைக்கால் அம்மையாரின் பாடலைப் பார்க்க வேண்டும்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு. கொம்பும் கிடையாது, சதைப்பற்றும் கிடையாது. தோள் பருத்த டீமனுக்கு இது ஒட்டாது. பூதம் என்றால் தொந்தி வைத்த குள்ளன், சிவகணம். பருத்த உடலும் கோரைப்பல்லும் உள்ளவன் அரக்கன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாரதக் கூத்தில் பகாசுரனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெயர் தெரியாத டீமன் முகத்துக்கு ‘அரக்கமுகம்’ என்பதே என் தேர்வு.

பெயர் தெரிந்ததை அந்தப் பெயராலேயே சொல்லலாம். ஜப்பானிய ஓனி, இரும்புத் தடியும் புலித்தோலும் கொண்ட அரக்கன். ஹன்யா அப்படியல்ல, பொறாமையில் உருமாறிய பெண்ணுக்கான முகமூடி, ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தில் வருவது. நேராகப் பார்த்தால் சினம், தலை தாழ்ந்தால் அழுகை எனத் தோன்றும்படி செதுக்கியிருப்பார்கள். புருவ நெளிவைச் சரியாகப் போடாவிட்டால் சினம் மட்டுமே மிஞ்சும். கோயில் சிலையைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசியின் உச்சியில் கீழ்த்தாடை இல்லாமல் இருப்பது கீர்த்திமுகம், காவல் முகம். தாடை சேர்த்து வரைந்தால் அது கீர்த்திமுகம் ஆகாது. முனியப்பனை டீமன் என்பது எல்லாவற்றிலும் மோசம். பென்னாகரம் பக்கம் பி.அக்ரகாரத்தில் மிரட்டும் விழியோடு இருப்பவர் காவல் தெய்வம். அங்கே போய் அரக்கன் என்று சொல்லிப் பாருங்கள்!

டாட்டூ, பாலினீசிய ‘தத்தாவ்’ என்பதிலிருந்து வந்தது. கேப்டன் குக்கின் 1769 பயணக் குறிப்புகள் வழியே ஆங்கிலத்தில் ஏறியது. நமக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டாம். பச்சை, பச்சை குத்துதல் போதும். தோலுக்கடியில் உள்ள கரித்துகள் வெளியிலிருந்து பார்க்க நீலப்பச்சையாகத் தெரியும்.

அரக்கமுகப் பச்சையில் முதலில் கெடுவது பல்வரிசை. மை நிற்க வேண்டியது மேல்தோலுக்கு அடுத்த அடுக்கில், 1 முதல் 2 மி.மீ. ஆழத்துக்குள். ஊசி அதைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கினால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். சரியாகக் குத்தினாலும் வருடங்கள் போகப்போக எல்லாக் கோடும் தடிக்கும். நெருக்கிப் போட்ட பற்கள் ஒரே கறுப்புப் பட்டையாகும். அதனால் முகத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தால் பற்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். நாக்குக்கும் கண்ணுக்கும் போடும் சிவப்பு மையில்தான் ஒவ்வாமை அதிகம். அரிப்பும் தடிப்பும் மாதங்கள் கழித்துக்கூட வரும்.

ராணுவத்துக்கு முயல்கிறவர்கள் இடத்தையும் யோசிக்க வேண்டும். முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சையை ஆள்சேர்ப்பு விதி ஏற்பதில்லை. பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கு மட்டும் விலக்கு உண்டு.