காவலர் நகர்ந்த பிறகு நடப்பது

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா அருகே கடை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில் காவலர் இருவர் அவருடைய கடை வரிசைக்கு வருகிறார்களாம். கால் மணி நேரம் நிற்கிறார்கள், கடைக்காரர்களிடம் நான்கு வார்த்தை பேசுகிறார்கள், பிறகு அடுத்த சந்துக்குப் போய்விடுகிறார்கள். "அவர்கள் போகும்வரை காத்திருக்கத் தெரியாதவனா திருடன்? ஒருவரை நாள் முழுதும் இங்கேயே நிறுத்தினால்தானே பாதுகாப்பு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துள்ள விடை, நம் பொதுப் புத்தி எதிர்பார்ப்பதற்கு ஏறக்குறைய நேர்மாறானது.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. குற்றம் ஒரு வட்டாரம் முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் காவல்துறைக்கு ஓராண்டில் வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்து 1989இல் வெளியிட்டபோது, அழைப்புகளில் பாதி வெறும் 3 விழுக்காட்டு முகவரிகளிலிருந்து வந்திருந்தது தெரிந்தது. பின்னர் டேவிட் வைஸ்பர்ட் சியாட்டில் நகரின் பதினான்கு ஆண்டுத் தரவுகளைத் தெருத் தெருவாக ஆராய்ந்தார். அங்கும் ஆண்டுதோறும் மிகச் சிறிய பங்குத் தெருக்களிலேயே பாதிக் குற்றங்கள் குவிந்திருந்தன. திருடும் எண்ணம் உள்ளவர், திருடத்தக்க பொருள், தடுக்க ஆளில்லாத வேளை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் குற்றம் நிகழ முடியும் என்று 1979இலேயே கோஹன், ஃபெல்சன் என்ற ஆய்வாளர்கள் விளக்கியிருந்தார்கள். அந்தச் சந்திப்புக்கு வசதியான மூலைகள் எந்த ஊரிலும் சிலவே.

இதை நம் ஊரில் அழுத்திச் சொல்லவேண்டிய தேவை இருக்கிறது. பல இனத்தவரும் வெளிநாட்டு ஊழியர்களும் சுற்றுப்பயணிகளும் கூடும் ஒரு வட்டாரத்தில் ஏதேனும் நடந்துவிட்டால், "அங்கே வருகிற ஆட்களே அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது எளிது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலைச் சந்திப்பில் பேருந்தில் அடிபட்டு ஊழியர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டபோதும் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் அதை விசாரித்த, ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான குழுவிடம் அப்போதைய காவல்துறை ஆணையர், தமக்கு லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங் என்ற வேறொரு வட்டாரமே அதிகக் கவலை தருவதாகச் சாட்சியம் அளித்தார். ஒரு நாள் இரவு நடந்தது வேறு, ஆண்டு முழுவதும் அமைதியாகக் குவிந்துகொண்டிருப்பது வேறு. முன்னதை வைத்துப் பின்னதை அளக்க முடியாது. ஒரு கடையில் அடிக்கடி திருட்டுப் போனால் "ராசியில்லாத கடை" என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவோரையும் இதே கணக்கில் சேர்க்கலாம். வாசலுக்கு நேரே கண்காணிப்பு இல்லாத படிக்கட்டு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பூசாரி தேவையில்லை.

இனி ரோந்துக்கு வருவோம். 1972இல் தொடங்கி ஓராண்டு அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் துணிச்சலான ஒரு சோதனை நடந்தது. பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவில் வழக்கமான ரோந்தையே நிறுத்தினார்கள், இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், மூன்றாவதை மாற்றாமல் விட்டார்கள். குற்ற எண்ணிக்கையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மக்களுக்கோ ரோந்து கூடியதும் குறைந்ததும் கண்ணிலேயே படவில்லை. ரோந்து வீண்செலவு என்ற எண்ணம் கொஞ்ச காலம் கோலோச்சியதற்கு இதுவே காரணம். உண்மையில் வீணானது, ரோந்தை எல்லாத் தெருக்களுக்கும் மெல்லிசாகப் பூசிய முறைதான்.

1988, 1989 ஆண்டுகளில் ஷெர்மனும் வைஸ்பர்டும் மினியாபொலிசில் குற்றம் குவியும் 110 மூலைகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கும் முறையில் பாதி மூலைகளுக்கு மட்டும் கூடுதல் ரோந்து அனுப்பினார்கள். அங்கே அழைப்புகள் குறைந்தன. என்னை மயக்குவது அதற்கு அடுத்த கட்டம். அந்தச் சோதனையின்போது பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் மூலைகளில் அமர்ந்து, காவலர் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், அவர் போன எத்தனையாவது நிமிடத்தில் முதல் சச்சரவு கிளம்பியது என்று குறித்துவைத்திருந்தார்கள். கிறிஸ்டஃபர் கோப்பர் என்ற ஆய்வாளர் 1995இல் அந்தக் குறிப்புகளை எடுத்து, மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்குக் கருவியை அவற்றின்மீது பிரயோகித்தார். சிகிச்சைக்குப் பின் நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கணிக்கும் கருவி அது. கோப்பர் கணித்தது, காவலர் போன பின் அந்த மூலையின் அமைதி எவ்வளவு நேரம் "உயிரோடு" இருக்கிறது என்பதை.

பத்து நிமிடத்துக்குக் குறைவாக நின்றால், காரில் கடந்து போவதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தைத் தாண்டியதும் பின்னால் எஞ்சும் அமைதி வளர்கிறது. பதினான்கு, பதினைந்து நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேலும் நின்றால் அந்தப் பலன் குறையத் தொடங்குகிறது. நம் வாசகர் குறைபட்டுக்கொண்ட அந்தக் கால் மணி நேரத்தின் பின்னால் இப்படியொரு வளைகோடு இருக்கிறது.

லண்டன் பாதாள ரயிலில் பராக் ஏரியலும் ஷெர்மனும் மற்றவர்களும் செய்த சோதனை இதை இன்னும் கூர்மையாக்கியது. குற்றம் மிகுந்த 115 நடைமேடைகளில் ஏறத்தாழப் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குச் சீருடைக் காவலர்களை நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என ஆறு மாதம் அனுப்பினார்கள். காவல்துறைக்கு வந்த அழைப்புகள் 21 விழுக்காடு குறைந்தன. அந்தக் குறைவில் 97 விழுக்காடு, காவலர் நடைமேடையில் இல்லாத நேரங்களில் நிகழ்ந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வறிக்கையில் இந்த இடத்தை எட்டியபோது நான் மேலே படிக்காமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் இல்லாதபோது அவருடைய வேலை நடக்கிறது என்றால், அந்த வேலையைச் செய்வது யார்?

செய்வது சந்தேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மூலைக்குக் காவலர் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடிகாரம் பார்த்துத் துல்லியமாக வருபவரானால், அவர் முதுகைத் திருப்பிய அடுத்த கணம் முதல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குத் திருடனுக்கு உறுதியான விடுமுறை. இந்த இடைவெளியில் எந்தக் கால் மணி நேரத்தை எடுத்தாலும் காவலர் திரும்பி வரும் வாய்ப்பு சுழியம். அதே காவலர், அதே சராசரியில், ஆனால் முன் வருகைக்கும் பின் வருகைக்கும் தொடர்பே இல்லாதபடி வந்தால், எந்தக் கால் மணி நேரத்தை எடுத்தாலும் அவர் வந்து சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு. அவர் போய் ஐந்து நிமிடமே ஆகியிருந்தாலும் 12தான், மூன்று மணி நேரம் ஆகியிருந்தாலும் 12தான். கணிதத்தில் இதை நினைவற்ற தன்மை என்பார்கள். கடந்த காலத்தைக் கவனித்து எதிர்காலத்தைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாதபடி அமைந்த வரிசை அது. காத்திருப்பதுதான் திருடனின் ஆயுதம் என்றார் நம் வாசகர். நினைவற்ற வரிசை அந்த ஆயுதத்தையே பிடுங்கிக்கொள்கிறது, ஏனென்றால் எவ்வளவு காத்திருந்தாலும் நிலைமை சாதகமாவதில்லை.

ஓடிக் கடக்கும் கார் ஏன் போதாது என்பதும் இங்கே விளங்கும். சந்தேகம் முளைப்பதற்கு முதலில் காவலர் அந்த மூலையை ஒரு பொருட்டாக நினைக்கிறார் என்பது பார்ப்பவர் மனத்தில் பதியவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் நின்று பேசினால்தான் அது பதிகிறது. மறுபக்கம், நாள் முழுதும் நிற்பவர் சந்தேகத்தையே ஒழித்துவிடுகிறார். இருக்கிறார் அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான், இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. கடைத் திருட்டைத் தடுக்க நம் பேரங்காடிகள் சிலவற்றில் காவலரின் ஆளுயர அட்டை உருவத்தை நிறுத்திவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மையின் தலையில் நான்காம் நாள் காகம் உட்காருவதுபோல, அசையாத எதற்கும் மனம் பழகிவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவைத்தால் அந்த அட்டைக்கும் கொஞ்சம் உயிர் வரும் என்பது என் சொந்த ஊகம்.

ஒரு மூலையை அமர்த்தினால் குற்றம் அடுத்த மூலைக்கு நகராதா? நகரும் வழக்குகள் உண்டு. ஆனால் கவனமாக அளந்த ஆய்வுகள் பலவற்றில், பக்கத்துத் தெருக்களிலும் குற்றம் குறைந்ததே அதிகம் காணப்பட்டது. காவலரின் சுற்று எங்கே முடிகிறது என்பது திருடனுக்குத் தெரியாது என்பதே பெரும்பாலும் காரணம்.

நின்று பேசுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. கோபான் எனப்படும் ஜப்பானின் சிறு காவல் சாவடி முறையைப் பின்பற்றி 1983 ஜூன் மாதம் தோ பாயோ வட்டாரத்தில் சிங்கப்பூரின் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடிகள் திறக்கப்பட்டன. 1997இல் குவீன்ஸ்டவுனில் தொடங்கி அவை பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று முகம் பழகுவது அந்த முறையின் உயிர்நாடி. முகம் பழகிய காவலரிடம்தான், அதுவும் தமிழிலோ மலாயிலோ ஹொக்கியனிலோ பேசக்கூடியவரிடம்தான், மேல்மாடிப் பாட்டி மின்தூக்கியில் தொந்தரவு கொடுத்த ஆளைப் பற்றி வாய் திறப்பார். இதில் புள்ளிவிவரம் படிப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நம்பிக்கை வளர்ந்தால் புகார் கூடும். புகார் கூடினால் பதிவாகும் குற்ற எண்ணிக்கையும் கூடும். மானபங்கம், குடும்ப வன்முறை போன்றவற்றில் எண்ணிக்கை ஏறுவது, முன்பு மறைந்திருந்தது வெளியே வருவதாகவும் இருக்கலாம். தலைப்புச் செய்தியில் வரும் விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பதறுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இத்தகைய அறிவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதையும் சொல்லியாகவேண்டும். 2011இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரக் காவல்துறை 42 மூலைகளை எடுத்து, அவற்றில் பாதிக்குக் குலுக்கல் வரிசையில் பன்னிரண்டு முதல் பதினாறு நிமிட ரோந்துகளைத் தொண்ணூறு நாள் அனுப்பிப் பலன் கண்டது. அதற்காகப் புதிதாக ஆள் சேர்க்கவில்லை. கோடிகளை விழுங்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கு நிதி கேட்டால் எல்லா நாட்டிலும் சட்டென்று கிடைக்கிறது. ஒரு சீட்டுக் குலுக்கலையும் ஒரு நல்ல புள்ளியியலாளரையும் கேட்டால் கமிட்டி உட்காருகிறது. இது எனக்குப் பல நாளாக உள்ள எரிச்சல்.

ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும், நின்று காட்ட ஒரு மூலை வேண்டும். சிங்கப்பூரில் 2024இல் திருட்டு, மானபங்கம் போன்ற நேரடிக் குற்றங்கள் 19,969. மோசடிகள் 51,501, இழப்போ 1.1 பில்லியன் வெள்ளிக்கும் மேல். கைத்தொலைபேசியில் வரும் மோசடிக்காரர் தேக்காவையும் பார்த்ததில்லை, காவலரின் சீருடையையும் பார்க்கப்போவதில்லை. அவர் மனத்தில் சந்தேகத்தை விதைக்க வழியில்லாததால், எதிர்முனையில் இருப்பவரின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளும் முயற்சிகள் நடக்கின்றன. 1799 என்ற எண்ணை அழைத்து, வந்த செய்தி மோசடியா என்று விசாரிக்கலாம். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பவிருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து, எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை என்றால், காவல்துறை அவருடைய வங்கிப் பரிவர்த்தனைகளை முப்பது நாள் வரை கட்டுப்படுத்த வங்கிக்கு உத்தரவிடலாம். தேவைப்பட்டால் அந்த உத்தரவை ஐந்து முறை வரை நீட்டிக்கவும் முடியும்.