வெளிநாட்டுப் படிப்பு: நாட்டை முதலில் முடிவு செய்யாதீர்கள்

உயர்கல்வி ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் மாணவர்களும் பெற்றோரும் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்பதைத்தான். என்ன படிக்கப் போகிறார், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க முடியும், படித்து முடித்தபின் எங்கே தொழில் செய்ய எண்ணுகிறார் என்ற மூன்றும் தெளிவாவதற்கு முன்பே நாட்டின் பெயர் முடிவாகிவிடுகிறது; பிறகு அந்த நாட்டில் எந்தப் படிப்பு கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பிற்பாடு வரும் சிக்கல்கள் பல வராமல் போகும்.

இந்த நாடு நல்லது, அந்த நாடு கடினம் என்று பேசும்போது பெரும்பாலும் நம் மனத்தில் இருப்பவை அந்நாட்டு அரசின் இன்றைய விசா விதிகளே. அவை நிலையாக இருப்பதில்லை. பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 2012-இல் நீக்கப்பட்டது. 2021-இல் வேறொரு பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் வந்தது. 2027 ஜனவரி முதல் அதற்கு விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நீங்கலாக, அது 18 மாதமாகக் குறைகிறது. கனடா 2024-இல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்ததோடு, விரைவாக அனுமதி தந்துவந்த தனித் திட்டத்தையும் அதே ஆண்டு நவம்பரில் மூடிவிட்டது. நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரும் கட்டணமின்றிப் படித்துவந்த நிலை 2023-இல் முடிவுக்கு வந்தது.

விண்ணப்பம் எழுதத் தொடங்கும் நாளிலிருந்து முதல் வேலையில் சேரும் நாள்வரை முதுநிலை மாணவருக்கு மூன்று ஆண்டுகளும் இளநிலை மாணவருக்கு ஐந்து ஆண்டுகளும் எளிதாக ஓடிவிடும். அதற்குள் ஏதேனும் ஒரு விதி மாறும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். ஆகவே, வேலை அனுமதியே இல்லாமல் போனாலும் இந்தப் பட்டத்துக்காக இவ்வளவு தொகையைச் செலவிடுவீர்களா என்று நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்பேன். 'செலவிடுவோம்' என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் அந்தத் தேர்வு உறுதியானது. அங்கே சம்பாதித்துத்தான் கடனை அடைக்க முடியும் என்ற நிலை இருந்தால், கடன் தொகையைக் குறைக்கவோ வேறு பல்கலைக்கழகம் பார்க்கவோ இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் கணக்குகள் அதிகம் பிசகுகின்றன. விசாவுக்காக அரசு காட்டச் சொல்லும் தொகை வேறு, உண்மையில் ஆகும் செலவு வேறு. ஜெர்மனிக்கு 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டுவது வழக்கம். அங்கே சென்றபின் மாதம் 992 யூரோதான் அதிலிருந்து எடுக்க முடியும். ம்யூனிக் போன்ற நகரத்தில் அறை வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். கனடாவில் தனி மாணவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனடா டாலராக இருந்து, 2024 ஜனவரியில் 20,635 ஆகவும் 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதில் சேரா. ஆஸ்திரேலியா 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. இவை யாவும் முதலாண்டுக்கான அளவுகோல்கள் மட்டுமே என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் பகுதிநேர வேலையைச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாடவேளைக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமும், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரமும்தான் வேலை செய்யலாம். அந்த வருமானம் அன்றாடச் செலவுக்குக் கைகொடுக்கலாம், கல்விக் கட்டணத்தைச் சுமக்காது.

பணத்தைக் காட்டும் முறையிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டனுக்கு உரிய தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு வரம்புக்குக் கீழே இறங்கினாலும், மறுநாளே பணத்தைத் திரும்பப் போட்டிருந்தாலும், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வங்கிக் கணக்கு அறிக்கையைக் கையில் வாங்கியதும் நான் இறுதி இருப்பைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரியாக அந்த 28 நாள்களில் மிகக் குறைந்த இருப்பு எது என்றுதான் தேடுவேன். ஏதோ ஒரு தவணை தானாகக் கழிந்து மொத்தத் திட்டமும் குலைந்த விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்ற பேச்சும் முழு உண்மையன்று. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது சரி. ஆனால் பாடன்-வ்யூர்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது, ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் கொண்டுவந்துள்ளது. இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. முதுநிலையை ஆங்கிலத்தில் முடித்தவருக்கும் வேலை தேடும்போது ஜெர்மன் தேவைப்படும். படிப்பு முடிந்து வேலை தேட அனுமதிக்கும் 18 மாதங்களுக்குள் மொழியை முதலிலிருந்து கற்று நேர்காணலுக்குப் போவது எல்லோராலும் இயலாது.

அமெரிக்காவில் கவனிக்க வேண்டியது படிப்பின் குறியீட்டு எண். பட்டம் பெற்றபின் 12 மாதப் பயிற்சி வேலைக்கு அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என வகைப்படுத்தப்பட்ட படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். ஒரே பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று அந்த வகைக்குள் வரும், மற்றொன்று வராது. வணிகப் பகுப்பாய்வு போன்ற மேலாண்மைப் படிப்புகளில் இந்தக் குழப்பம் மிகுதி. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரோடு ஆறிலக்க எண் ஒன்று இருக்கும். அதை அரசு வெளியிட்டுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் தொடர்ந்து வேலை செய்யத் தேவைப்படும் எச்-1பி என்ற வேலை விசா ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்கு உட்பட்டது. வரம்பைவிட விண்ணப்பங்கள் மிகுவதால், நல்ல மதிப்பெண்ணும் நல்ல நிறுவனமும் இருந்தும் தேர்வாகாதவர்கள் ஏராளம்.

மருத்துவம், சட்டம், செவிலியம், கட்டடக்கலை போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு வழி வேறு. எந்த நாட்டில் தொழில் செய்ய எண்ணுகிறீர்களோ அந்த நாட்டு ஒழுங்காற்று அமைப்பின் விதியை முதலில் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் விளம்பரக் கையேடு அதைச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாணவரிடம் கட்டணம் வாங்காத முகவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் தரகு தருகிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது அன்று; ஆனால் தரகு தராத நல்ல கல்வி நிறுவனங்களின் பெயர் அவருடைய பட்டியலில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களைக் காட்டும் ஆஸ்திரேலியாவின் க்ரைகோஸ் பதிவேடு, பிரிட்டனின் மாணவர் ஸ்பான்சர் பதிவேடு, கனடாவின் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனப் பட்டியல் ஆகியவை இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. கனடாவில் இன்னொரு படியும் உண்டு: பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குத் தகுதி தருவதில்லை, அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு ஏற்பாட்டில் 2024 மே 15 அன்றோ அதற்குப் பின்னரோ சேர்ந்தவர்களுக்கு அந்த அனுமதி கிடையாது.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குவார்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும், மறுப்புக் கடிதத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பவற்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை அனுப்புங்கள். முகவரின் கணக்குக்கு அனுப்பாமல் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள்.