ஈவென்ட் கம்பெனியில் அப்ரண்டிஸ்: ஒப்பந்த எண்ணைப் பார்க்காமல் வேலையில் இறங்காதீர்கள்

சவுண்டு, லைட், மேடை வேலை கற்றுத்தருகிறோம், அப்ரண்டிஸாக (தொழிற்பழகுநர், அதாவது உதவித்தொகையோடு தொழில் கற்பவராக) வா என்று கூப்பிட்டால் முதலில் கேட்க வேண்டியது: மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் என் பெயரில் ஒப்பந்தம் பதிவாகிவிட்டதா? ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டு "போட்டாச்சு தம்பி, வரும்" என்பார்கள். நம்பாதீர்கள். உங்கள் சொந்த மொபைல் எண்ணில் கணக்குத் தொடங்கி, ஒப்பந்த எண்ணை நீங்களே பாருங்கள். கம்பெனியின் மொபைல் எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். எதில் ஒப்புதல் கொடுத்தீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

ஓனரும் இரண்டு பையன்களும் மட்டும் உள்ள சவுண்டு சர்வீஸில் இது நடக்காது. குறைந்தது 4 பேர் வேலை செய்யும் நிறுவனம்தான் அப்ரண்டிஸ் எடுக்கலாம். 30 பேர் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

அதிகம் ஏமாறுவது பணத்தில். 2019 விதித் திருத்தப்படி மாத உதவித்தொகை குறைந்தபட்சம் பத்தாம் வகுப்புக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூவுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தருவது அதில் 25 சதவீதம், உச்சவரம்பு 1,500. ஆக 6,000-இல் 4,500 கம்பெனியின் கையிலிருந்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். "கவர்ன்மென்ட் பணம் வந்ததும் தர்றோம்" என்பது பச்சைப் பொய். கம்பெனி தன் பங்கைக் கொடுத்து, அதைப் போர்ட்டலில் ஏற்றினால்தான் அரசுப் பங்கே நகரும். "ஃபங்ஷனுக்கு இவ்வளவு" என்ற கணக்கும் செல்லாது; செய்த வேலையை எண்ணிக் காசு கொடுப்பதை 1961 தொழிற்பழகுநர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது.

அரசுப் பங்கு நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்குக்கு வராமல், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன பாஸ்புக்காகக்கூட அது இருக்கலாம். வங்கியில் கேட்டுச் சரிபாருங்கள். மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு என்றால் அதையும் முதலிலேயே திருத்திவிடுங்கள்.

பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதமும் கேபிள் சுற்றி, பெட்டி தூக்கியதோடு முடிந்தால் அது பயிற்சியே இல்லை. மிக்சரில் கெயின் (ஒலி உள்வரும் அளவு) வைப்பது, லைன் செக் (ஒவ்வொரு மைக்கும் கேபிளும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது), லைட்டுக்கு டிஎம்எக்ஸ் முகவரி (கன்ட்ரோலர் அந்த லைட்டை அடையாளம் காணும் எண்) போடுவது, விளக்கு தொங்கவிடும் டிரஸ் எனும் உலோகச் சட்டத்தை ஏற்றுமுன் அதன் இணைப்பு ஊசிகளையும் கிளாம்புகளையும் பார்ப்பது: எதை எந்த மாதம் உங்கள் கையால் செய்தீர்கள் என்று தேதியோடு நோட்டில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரிசப்ஷன் முடிந்து விடிய விடிய மேடை பிரிக்கச் சொல்வார்கள். தொழிற்பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதியில்லாமல் உங்களிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கம்பெனியின் பொறுப்பு, 16-ஆம் பிரிவு. ஒப்பந்தம் பதிவாகாதிருந்தால் "இவன் எங்க ஆளே இல்லை" என்று கைவிரிப்பதும் அப்போதுதான்.

புகாரோடு போனால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் சென்னை கிண்டியிலுள்ள மத்திய அரசு அலுவலகத்துக்கு அனுப்பும், அது மாவட்டத்துக்கே திருப்பி அனுப்பும். கம்பெனிக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் தொழில் இருந்தால் கிண்டியிலுள்ள மத்திய மண்டல இயக்குநரகம். இல்லையென்றால் மாவட்ட அலுவலகம். எத்தனை மாநிலம் என்று தெரிந்துகொண்டு போங்கள். வாயால் சொன்னால் வேலைக்காகாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ஆலோசகரின் முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.