முழங்கை நீளாத பையன்

சிகிச்சைக்கு எந்தப் பையன் வந்தாலும், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கையை மேலே பார்க்கிற மாதிரி வைக்கத்தான் முதலில் சொல்வேன். ஒரு மே மாதம் வந்த பத்து வயதுப் பையனுக்கு இடது கை நேராக நீண்டது. வலது கை முழங்கையில் லேசாக மடங்கியே நின்றது. "நல்லா நீட்டுப்பா" என்றேன். "இதுதான் ஆன்ட்டி நீட்டினது" என்றான். பக்கத்தில் இருந்த அவன் அப்பா அப்போதுதான் அதைக் கவனித்தார். கவனித்த கையோடு கேட்டார்: "சனிக்கிழமை டோர்னமென்ட் இருக்கு மேடம். அதுக்குள்ள சரியாயிடுமா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. நியூ ஜெர்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான், பேஸ்பால் ஆடும் பையனுக்கு அம்மாவும்கூட. ஏப்ரல் பிறந்தால் ஜூன் முடிய எங்கள் வீடு வீடாக இருக்காது. தயிர் சாதம் காரிலேயே சாப்பிடப்படும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியா, மேட்ச்சா என்ற சண்டையில் பெரும்பாலும் மேட்ச்தான் ஜெயிக்கும். கார் டிக்கியில் மடக்கு நாற்காலிகள் நிரந்தரமாகக் குடியிருக்கும்.

ஐந்து வயதில் ஆடும் டீ பால் அழகான விஷயம். ஒரு குச்சி மேல் பந்தை வைத்துவிடுவார்கள், குழந்தை அடித்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும். தூரத்தில் ஃபீல்டிங் நிற்கிற பிள்ளை புல் பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்த வயதில் என்னிடம் வருவதெல்லாம் சிராய்ப்பும் சுளுக்கும்தான். குழந்தைகளே பிட்ச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை தொடங்குகிறது. (இங்கே பிட்ச் என்றால் ஆடுகளம் இல்லை, பந்தெறிவது. எனக்கே இது பழக ஒரு வருடம் ஆனது.)

கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. "நானும் சின்ன வயசுல நாள் முழுக்க பௌலிங் போட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று என்னிடம் சொல்லாத அப்பா குறைவு. பௌலர் முழங்கையை மடக்கி நீட்டக்கூடாது. 15 டிகிரிக்கு மேல் போனால் நோ பால். பிட்ச்சர் செய்வதோ அதற்கு நேர் எதிர். கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோய்ச் சாட்டை மாதிரி வீசுகிறான். ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையின் உள்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் நசுங்குகிறது. பெரியவர்களுக்கு அந்த இழுப்பில் அடிபடுவது லிகமென்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டும் நார். குழந்தைக்கு லிகமென்ட்டை விடப் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. எலும்பின் முனையில், இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிக் குருத்தெலும்பு. மாட்டுக் கயிறு அறுவதற்கு முன்பே முளைக்குச்சி ஆடிவிடுகிற மாதிரி அந்த இடம் புண்ணாகிறது. 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்றே இதற்குப் பெயர். தோளிலும் இதே மாதிரி ஒன்று வரும்.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டோட்ஸ் தொடங்கியது. அங்கே 2007 முதல் இன்னிங்ஸுக்குப் (பேஸ்பாலில் அது ஆட்டத்தின் ஒரு சிறு சுற்றுதான்) பதிலாகப் பந்துகளையே எண்ணுகிறார்கள். 7, 8 வயதுக்கு ஒரு நாளைக்கு 50 பந்து. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. ஓய்வுக்கும் கணக்கு உண்டு. 14 வயது வரை, 20 பந்துக்கு மேல் போனால் ஒரு நாள், 35-ஐத் தாண்டினால் இரண்டு, 50-ஐத் தாண்டினால் மூன்று, 66-லிருந்து நான்கு நாள் கை ஓய்வு.

அந்தப் பத்து வயதுப் பையன் இந்த விதி எதையும் மீறவில்லை. ஊர் லீகில் வியாழக்கிழமை 50 பந்து. வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் டிராவல் டீமில் சனிக்கிழமை 60, ஞாயிற்றுக்கிழமை பிட்ச்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராக நின்று நாள் முழுக்கத் திருப்பி எறிந்தது தனி. ஒரு கோச்சுக்கு இன்னொரு கோச்சின் கணக்கு தெரியாது. அவரவர் நோட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஓவருக்கு ஆறு பந்து என்று தூக்கத்திலும் எண்ணுகிற நாம் இதை எண்ணாமல் விடுவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வளைந்து இறங்கும் கர்வ் பால் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தொழில்முறை பேஸ்பாலை நடத்தும் மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல், 12 வயது வரை ஃபாஸ்ட் பாலும் (வேகப் பந்து) சேஞ்ச் அப்பும் (வேகம் குறைத்த பந்து) போதும் என்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், எண்ணிக்கைதான் பெரிய வில்லன். 9 முதல் 14 வயதுள்ள 481 பிட்ச்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-ல் வந்தது. வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. வருடத்தில் குறைந்தது 4 மாதம் பிட்ச் செய்யாமல் இருக்கச் சொல்வதும் அதே பிட்ச் ஸ்மார்ட்தான். அதைச் சொன்னால் சில பெற்றோர் என்னை எதிரணி ஆள் மாதிரி பார்க்கிறார்கள்.

"முழங்கை போனா டாமி ஜான் ஆபரேஷன் பண்ணிக்கலாம், அதுக்கப்புறம் இன்னும் வேகமா எறியலாமாமே" என்று ஒருவர் கேட்டார். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்த அறுவை சிகிச்சையைச் செய்தபோது மேஜர் லீக் பிட்ச்சர் டாமி ஜானுக்கு 31 வயது. மறுபடி களமிறங்க 1976 ஆனது. மாற்றியது முழங்கையில் ஒரு லிகமென்ட்டை. பத்து வயதுப் பிள்ளையின் வளர்ச்சிக் குருத்தெலும்புக்கு அது மருந்தே இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என் பையன் விஷயத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பதினொரு வயது. கடைசி இன்னிங்ஸ். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கையை உதறிக்கொண்டான். பந்து வழக்கத்தைவிட மேலே மேலே போனது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் எழுந்து போய்ச் சொல்லியிருப்பேன். இன்னும் ஒரே ஒரு பேட்டர்தானே என்று உட்கார்ந்திருந்தேன். காரில் கேட்டபோது "ஐ ஆம் ஃபைன்மா" என்றான்.

ராத்திரி தோசையை இடது கையால் பிய்த்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் பார்த்தார். "பீச்சாங்கையில சாப்பிடாதேடா" என்று அதட்டினார். அவன் வலது கையை வைத்தான், எடுத்தான். அழுதுவிட்டான். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றால், "நீ ஆஃபீஸ் லீவ் போட்டுட்டு வந்திருந்தேல்ல" என்றான்.

இந்தப் பதிலை வேறு வேறு வார்த்தைகளில் நான் நிறையப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அப்பா ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிட்டார், தாத்தா பார்க்க வந்திருந்தார், புது பேட் வாங்கிக் கொடுத்தார்கள். அதனால் வலிக்குதா என்று கேட்காதீர்கள், பாருங்கள். கையை உதறுகிறானா, முழங்கையைத் தேய்க்கிறானா, வேகம் குறைகிறதா, குறி தவறுகிறதா, குளித்துவிட்டுத் தலை துவட்ட எந்தக் கையைத் தூக்குகிறான். நான் சொன்ன கை நீட்டும் சோதனையை மேட்ச்சுக்கு மறுநாள் காலையில் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கையும் ஒன்றுபோல் நீளவில்லை என்றால், அல்லது உள்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால், எறிவதை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மேட்ச்சுக்கு முன்னால் வலி மாத்திரை கொடுப்பதும் கோடாலித் தைலம் தடவி அனுப்புவதும் வேண்டவே வேண்டாம். வலியை மறைத்துவிட்டால் அப்புறம் பிள்ளைக்கே நிறுத்தத் தெரியாது.

ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் எறியாமல் இருந்தால் போதும். பிறகு கிட்டத்திலிருந்து மெதுவாக எறியத் தொடங்கி, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம். டோர்னமென்ட் பையன் அந்த சீசன் முழுக்க எறியவில்லை. அவன் அப்பா முதல் மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

என் பையன் செப்டம்பரில்தான் திரும்ப பிட்ச் செய்தான். அதற்குள் அழுத்த அழுத்த எண்ணிக்கை காட்டும் ஒரு கிளிக்கர் வாங்கி மாமியார் கையில் கொடுத்திருந்தேன். அவருக்கு பேஸ்பால் புரியாது, ஸ்ட்ரைக் எது பால் எது என்று தெரியாது. அது ஒரு வகையில் வசதி. நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பேரன் கை அசைந்தபோதெல்லாம் ஒரு அழுத்து அழுத்தினார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஸ்கோர் எழுதுபவரிடம் கேட்டேன். 34 என்றார். மாமியார் கிளிக்கரில் 71 இருந்தது. தப்பாக அழுத்திவிட்டீர்களா அத்தை என்றேன்.

"ஆட்டத்துக்கு முன்னாடி வேலி ஓரமா எறிஞ்சான், ஒவ்வொரு தடவை உள்ளே போனதும் எட்டு எறிஞ்சான். அதெல்லாம் அவன் கை இல்லையா?" என்றார்.